தமீம் அன்சாரி: கோவளக் கடற்கரையில் ஓர் அரபுப் பெயரின் பொருளும் வழக்கும்

முன்னுரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களை அடுத்தடுத்துக் கடப்பர். இவற்றுள் கோவளத்தில் தமீம் அன்சாரியின் பெயரால் அமைந்த தர்கா ஒன்று உள்ளது. இக்கடற்கரையிலும் இதற்கு அப்பால் தமிழகம் முழுவதிலும் முசுலிம் ஆண்களுக்கு இடப்படும் பெயர்களுள் தமீம், தமீம் அன்சாரி, தமீமுல் அன்சாரி, தமீமுன் அன்சாரி என்பன ஒரு தொகுதியாக வழங்குகின்றன. 2016ஆம் ஆண்டு நாகப்பட்டினம் சட்டமன்றத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மு. தமிமுன் அன்சாரியின் பெயர் இத்தொகுதியைப் பொது வழக்கில் பலரும் அறியச் செய்தது.

குழந்தைப் பெயர்க் கையேடுகள் 'தமீம்' என்பதற்கு 'முழுமையானவன்' என்று பொருள் கூறி அமைகின்றன. பொருள் பிழையன்று. ஆனால் அப்பொருளைக் கொண்டு இப்பெயரின் செல்வாக்கை விளக்க இயலாது. முழுமை, நிறைவு என்னும் பொருளுடைய அரபுப் பெயர்கள் வேறு பலவும் உள்ளன. அவை தமிழகத்தில் இவ்வாறு வேரூன்றவில்லை. மேலும், அரபு நாடுகளில் தனித்து வழங்கும் 'தமீம்' தமிழகத்தில் 'அன்சாரி' என்னும் துணைச்சொல்லோடு பிணைந்து ஒரே இயற்பெயராக நிற்பது ஏன் என்பதற்கும் அகராதியில் விடை இல்லை. விடை கோவளத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை நிறுவுவதற்குச் சொல்லின் வேர், அதனைத் தாங்கிய மாந்தர், கதை மரபு, தமிழில் அது பெற்ற வடிவம் ஆகியவற்றை வரிசையாகக் காணவேண்டியுள்ளது.

சொல்லும் வேரும்

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து பிறப்பன. 'தமீம்' என்பதன் வேர் த்-ம்-ம் என்பது. 'நிறைவுற்றது', 'முற்றுப்பெற்றது' என்னும் பொருள் தரும் 'தம்ம' என்னும் வினை இவ்வேரினது. திருக்குர்ஆனில் 'தமீம்' ஆள்பெயராக வரவில்லை. எனினும் இவ்வேரின் வினைவடிவம் 5ஆம் அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் அருட்கொடையை நிறைவாக்கியமை பற்றிய இடத்தில் வருகிறது. உருதுவிலும் பாரசீகத்திலும் 'அனைத்தும்' என்ற பொருளில் வழங்கும் 'தமாம்' இதன் உறவுச்சொல்லாகும்.

கரீம், ரஹீம், சலீம், ஹகீம் முதலியவற்றைப் போலவே தமீமும் ஒரு பண்பு ஒருவனிடம் நிலைபெற்றிருப்பதைக் குறிக்கும் சொல்வாய்பாட்டில் அமைந்தது. உடற்கட்டு நிறைந்தவன், வலியவன் என்ற பொருளும் பழைய அரபில் இதற்கு உண்டு. இதே வேரிலிருந்து 'தமீமா' என்னும் சொல்லும் பிறக்கிறது. குழந்தையின் கழுத்தில் கண்ணேறு படாமலிருக்கக் கட்டும் காப்பினை இசுலாத்திற்கு முந்தைய அரபியர் தமீமா என்றனர். இசுலாம் இவ்வழக்கத்தைக் கண்டித்தது. தமிழில் இப்பொருளைச் சுட்ட நாம் ஆளும் 'தாயத்து' வேறோர் அரபுச் சொல்லான 'தஅவீத்' என்பதன் திரிபு. பெயர் ஒரு வேரிலிருந்தும் காப்பு வேறொரு வேரிலிருந்தும் தமிழுக்கு வந்து, தர்காவின் வாயிலில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

குலத்தின் பெயர்

தமீம் என்பது தொடக்கத்தில் ஒரு பெருங்குலத்தின் பெயராகவே புகழ்பெற்றது. தமீம் இப்னு முர் என்னும் முன்னோனின் வழியினராகத் தம்மைக் கருதிய பனூ தமீம் குலத்தினர் அரேபியாவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் பரவியிருந்தனர். உமையாக்கள் காலத்தில் ஒருவரை ஒருவர் வசைபாடிப் புகழ்பெற்ற ஃபரஸ்தக், ஜரீர் என்னும் இரு புலவரும் இக்குலத்தினரே.

இலக்கண வரலாற்றிலும் இக்குலத்திற்கு இடமுண்டு. 'மா' என்னும் எதிர்மறை இடைச்சொல் பெயர்ப் பயனிலையின் வேற்றுமை ஈற்றை மாற்றுமா, மாற்றாதா என்பதில் ஹிஜாஸ் பகுதியாரின் வழக்கும் தமீம் குலத்தாரின் வழக்கும் வேறுபட்டன. அரபு இலக்கணிகள் இரண்டையும் ஏற்று, 'ஹிஜாஸ் மா', 'தமீம் மா' எனப் பெயரிட்டு விதி வகுத்தனர். திசைச்சொல்லை விலக்காமல் செய்யுளீட்டச் சொல்லாகக் கொண்ட தொல்காப்பிய மரபை அறிந்தோர்க்கு இந்த அணுகுமுறை புதியதாகத் தோன்றாது.

கத்தாரின் ஆளும் அல் தானி குடும்பத்தினர் தம்மைப் பனூ தமீம் வழியினர் என்பர். 2013 முதல் அந்நாட்டின் அமீராக உள்ளவரின் பெயரும் தமீம் என்பதே. அங்கு இப்பெயர் குலப்பெருமையின் அடையாளமாக விளங்குகிறது. தமிழகக் கடற்கரையில் பனூ தமீம் பற்றிய நினைவு ஏதும் இப்பெயரோடு வரவில்லை.

தோழரும் கடலும்

நபித்தோழர்களுள் தமீம் என்னும் பெயர் தாங்கியோர் பலர். அவர்களுள் தலைசிறந்தவர் தமீம் அத்தாரி. லக்ம் குலத்தைச் சேர்ந்த இவர் பாலத்தீனப் பகுதியில் கிறித்தவராக வாழ்ந்து, ஹிஜ்ரி 9ஆம் ஆண்டளவில் மதீனா வந்து இசுலாத்தைத் தழுவினார். மதீனாப் பள்ளிவாசலில் முதன்முதலில் விளக்கேற்றியவர் என்ற செய்தியும் இவரைப் பற்றி உண்டு. இவரது அடக்கத்தலம் பாலத்தீனத்தின் பைத் ஜிப்ரீனில் உள்ளது என்பது மரபு.

இவரைப் பிற தோழரிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு கடற்பயணம். ஃபாத்திமா பின்த் கைஸ் அறிவிப்பதாக முசுலிம் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்ற நெடிய செய்தியின்படி, தமீம் முப்பது பேரோடு கப்பலேறினார். அலைகள் அக்கப்பலை ஒரு திங்கள் அலைக்கழித்து ஒரு தீவில் ஒதுக்கின. அங்கு மயிரடர்ந்த விந்தை விலங்கொன்றையும், விலங்கிடப்பட்டுக் கிடந்த தஜ்ஜாலையும் அவர் கண்டார். தோழர் ஒருவர் கூறிய பயணச் செய்தியை நபிகளே மக்களைக் கூட்டி எடுத்துரைத்ததாக வருவது இதன் தனிச்சிறப்பு.

இந்த வித்திலிருந்து ஒரு பெருங்கதை வளர்ந்தது. தமீமைச் சின்கள் தூக்கிச் செல்கின்றன. பல்லாண்டுகள் தீவுகளிலும் அறியா நிலங்களிலும் அவர் அலைகிறார். திரும்பி வரும்போது, கணவர் இறந்தார் எனக் கருதிய மனைவி உமறு கலீபாவின் இசைவு பெற்று மறுமணம் செய்துள்ளார். வழக்கு கலீபாவின் முன் வருகிறது. அரபு மொழியில் பல படிவங்களில் வழங்கிய இக்கதை, மேற்கே எசுப்பானிய முசுலிம்கள் அரபு எழுத்தில் எழுதிய அல்ஹமியா இலக்கியத்திலும், கிழக்கே மலாய் ஹிக்காயத்துகளிலும் இடம்பெற்றுள்ளது. பிரெஞ்சு அறிஞர் ரெனே பாசே 1891இல் இதனை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

'தாரி' நீங்கி 'அன்சாரி' வந்தமை

மேற்கண்ட மொழிகளில் கதைத்தலைவர் தமீம் அத்தாரியாகவே வருகிறார். தக்கணத்தில் நிலை வேறு. பிஜாப்பூர்ப் புலவர் சனஅத்தி 1645இல் தக்கினி மொழியில் இயற்றிய 'கிஸ்ஸயே பேநசீர்' என்னும் கதைப்பாட்டு இதே தலைவரைத் தமீம் அன்சாரி என்று வழங்குகிறது. 'அன்சார்' என்பது 'உதவியவர்கள்' எனப் பொருள்படும் பன்மைச் சொல். மக்காவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த நபியையும் அவர்தம் தோழரையும் ஆதரித்த மதீனாவாசிகள் அன்சாரிகள் எனப்பட்டனர். கதை மதீனாவில் தொடங்கி மதீனாவில் முடிவதால், பாலத்தீனத்துத் தாரி மதீனத்து அன்சாரியாகத் திரிந்தது இயல்பேயாகும். பதுருப் போரில் கலந்துகொண்டோர் பட்டியலில் தமீம் இப்னு யஆர் போன்ற உண்மையான அன்சாரித் தமீம்களும் உள்ளனர். பெயர் மயக்கத்திற்கு இதுவும் இடமளித்திருக்கலாம்.

கோவளத்தில் அடங்கியிருப்பவராகக் கருதப்படுபவரின் பெயர் தமீம் அன்சாரி என்பதே. தக்கினிக் கதையின் பெயரும் தர்காவின் பெயரும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் எனத் தள்ளுதல் அரிது. பிஜாப்பூர் 17ஆம் நூற்றாண்டில் கருநாடகப் பகுதியைக் கைப்பற்றியபோதும், பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும், தக்கினி பேசிய அலுவலரும் படைவீரரும் இக்கடற்கரைக்கு வந்தனர். நவாபுகள் கோவளத்தில் நிலையான அக்கறை காட்டினர். 1720களில் ஆஸ்டெண்டு கும்பெனியின் தளமாக இருந்த அவ்வூரில் நவாபின் கோட்டை எழுந்தது. 1752இல் கிளைவு அதனைக் கைப்பற்றினார். 1823இல் நவாபு ஆசம் ஜா சென்னையிலிருந்து நாகூர் வரை மேற்கொண்ட பயணத்தை விவரிக்கும் 'பஹாரே ஆசம் ஜாஹி' என்னும் பாரசீக நூலில் கோவளத்துத் தமீம் அன்சாரி இடம்பெறுகிறார். இந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறைப் பேராசிரியர் சை. முகம்மது உசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார்.

தர்காவின் வாய்மொழி வரலாறு, அவரது உடலைத் தாங்கிய பேழை கடலில் மிதந்து வந்து கோவளத்தில் கரையொதுங்கியது என்கிறது. பாலத்தீனத்தில் அடங்கியவர் கோவளத்தில் எவ்வாறு அடங்கினார் என்னும் வரலாற்று வினாவுக்கு இது விடையாகாது. கதையியல் நோக்கில் மட்டும் இது மிகவும் பொருந்தி வருகிறது. உயிரோடு இருந்தபோது அலைகளால் தீவில் ஒதுக்கப்பட்டவர், இறந்தபின் அலைகளால் ஒரு கரையில் ஒதுக்கப்படுகிறார். கடல் கொணர்ந்த தெய்வத்திருமேனி, கரையொதுங்கிய பேழை ஆகிய கதைக்கூறுகள் இக்கரையின் மீனவர்க்கும் புதியவை அல்ல. தர்காவுக்கு எல்லாச் சமயத்தவரும் வருவதற்கு இந்தக் கடல்நெருக்கமும் ஒரு காரணமாகலாம். பரங்கிப்பேட்டையிலும் உக்காஷா என்னும் நபித்தோழரின் பெயரால் ஓர் அடக்கத்தலம் உள்ளது. சோழமண்டலத் துறைமுகங்கள் நபித்தோழர் காலத்தோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள விழைந்ததன் அடையாளங்களாக இவ்விரண்டையும் கொள்ளலாம்.

தமிழ் ஒலியமைப்பில் தமீம்

அரபுப் பெயர்களுள் பல தமிழுக்கு வரும்போது சிதைந்தோ கிரந்த எழுத்தின் துணைகொண்டோ வருவன. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் உமர் 'உமறு' எனவும், உஸ்மான் 'உதுமான்' எனவும் வந்தமை அறிந்ததே. தமீம் அத்தகைய மாற்றம் எதனையும் வேண்டவில்லை. மொழிமுதலில் தகரமும் மொழியிறுதியில் மகர மெய்யும் தொல்காப்பியம் இசைவு தந்தவை. 'அன்சாரி'யில் உள்ள அரபுச் 'சாத்' ஒலியை ஸகரத்தால் எழுதுவோர் உண்டெனினும், சகரத்தால் எழுதும்போது னகர மெய்யை அடுத்துச் சகரம் வருதலும் தமிழ் மெய்ம்மயக்க விதிக்கு உட்பட்டதே.

யாப்பு நோக்கிலும் இது எளிதில் அமைகிறது. குறில்நெடில் ஒற்றடுத்து வந்த நிரையசையாக 'தமீம்' தனித்து நிற்கும். கரீம், ரஹீம், சலீம், நயீம் என்பனவும் இதே நிரையசையினவாதலால் உடன்பிறந்தோர்க்கு ஒலியொத்த பெயரிட விரும்பும் குடும்பங்களுக்கு இது வாய்ப்பாகிறது. இரு சொற்களும் புணர்ந்து 'தமீமன்சாரி' என நிற்கையில் நிரை நேர் நேர் நேர் எனப் புளிமாந்தண்பூ வாய்பாட்டுச் சீராகிறது. பேச்சில் 'தமீமு' என உகரம் பெறுவதும் 'தமீம் பாய்' என விளிக்கப்படுவதும் இயல்பு.

'முல்' என்பதும் 'முன்' என்பதும்

இப்பெயரின் மூன்று வடிவங்களுள் எது திருத்தமானது என்னும் வினா எழுவதுண்டு. சிலர் 'தமீமுன்' என்பது 'தமீமுல்' என்பதன் கொச்சை எனக் கருதுகின்றனர். அரபு இலக்கணம் இதற்கு மாறாக நிற்கிறது.

அரபில் சுட்டிடைச்சொல் 'அல்'. முன்னுள்ள சொல் உகர வேற்றுமை ஈறு பெற்றிருந்தால் 'அல்' என்பதன் அகரம் கெட்டு, 'அப்து' என்பதும் 'அல்' என்பதும் 'அப்துல்' எனப் புணரும். வருமொழி 'சூரிய எழுத்து' எனப்படும் சில மெய்களில் தொடங்கினால் லகரம் அம்மெய்யாகவே திரிந்து 'அப்துர் ரஹ்மான்' என்றாகும். 'அன்சாரி' அவ்வாறு தொடங்காமையின் லகரம் திரியாது. எனவே 'தமீமுல் அன்சாரி' என்பது புணர்ச்சியளவில் பொருந்துவதே. ஆனால் இத்தொடர் வேற்றுமைத்தொகை போல 'அன்சாரியினுடைய தமீம்' என்றே பொருள்படும். அப்துல் காதர், நூருல் அமீன், ஷாஹுல் ஹமீது முதலிய பெயர்களின் சாயலால் எழுந்த ஒப்புமையாக்கம் இது எனலாம்.

அடைகொள்ளாத ஆண்பெயர் அரபில் எழுவாயாக வரும்போது 'உன்' என்னும் னகர ஒற்றீறு பெறும். இதனைத் 'தன்வீன்' என்பர். 'தமீம்' முழு உயிர்ப்போடு ஒலிக்கப்படும்போது 'தமீமுன்' என்றே வரும். அன்சாரி என்னும் அடைமொழி தொடரும்போது இடையில் ஓர் இகரம் தோன்றி 'தமீமுனில் அன்சாரிய்யு' என்பது முழுவடிவமாகும். இதன் இடைப்பகுதி சுருங்கி 'தமீமுன் அன்சாரி' நின்றது எனக் கொண்டால், கொச்சை எனப்பட்ட வடிவமே அரபு மரபுக்கு மிக அணுக்கமானதாகிறது. மதரசாக்களில் ஓதிப் பழகிய செவி இவ்வீற்றைக் காத்திருக்க வேண்டும். தன்வீன் ஈறு தமிழ் முசுலிம் ஆண்பெயர் ஒன்றில் இவ்வளவு வெளிப்படையாக எஞ்சியிருப்பது அரிய செய்தி. பெயரகராதி தொகுப்போர் இதனைப் பிழைவடிவம் என ஒதுக்காதிருத்தல் நலம்.

இரு சொல், ஒரு பெயர்

வட இந்தியாவில் 'அன்சாரி' ஒரு சமூகப் பெயர். நெசவுத் தொழில் செய்த முசுலிம் மக்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் சமூக மதிப்பை உயர்த்தும் முயற்சியில் இப்பெயரை அமைப்புரீதியாக ஏற்றனர். அங்கு அது தந்தையிலிருந்து மகனுக்குச் செல்லும். பெண்ணின் பெயரோடும் சேரும். மஸ்லின் ஆடைக்குப் பெயர்பெற்ற சதுரங்கப்பட்டினம் இக்கடற்கரையிலேயே இருந்தும், இங்குள்ள 'அன்சாரி'க்கு நெசவோடு தொடர்பில்லை.

தமிழகத்தில் தமீம் அன்சாரியின் மகன் அன்சாரி ஆவதில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி மகனின் பெயர்முன் நிற்கிறது. மகனுக்கு ஜாபர் என்றோ இம்ரான் என்றோ வேறு பெயர். அன்சாரி என்னும் குழுப்பெயர் தன் குழுவைக் குறிக்கும் பணியை இழந்து, தமீமோடு ஒட்டிய இயற்பெயர்ப் பகுதியாகிவிட்டது. நாகூர் ஆண்டகையின் பெயரால் வழங்கும் 'சாகுல் ஹமீது' பிரியாத ஒரு பெயராக நிற்பதும் இவ்வாறே. ஒரு தலத்தில் அடங்கியவரின் பெயரை முழுமையாகக் குழந்தைக்கு இடும்போதுதான் இத்தகைய இருசொற்பெயர் உருவாகிறது. நேர்த்திக்கடனாகப் பழனி என்றும் வேளாங்கண்ணி என்றும் நாகூரான் என்றும் பெயரிடும் தமிழ் வழக்கத்தின் உடன்பிறப்பு இது. அவற்றில் ஊர் பெயராகிறது. இங்கு ஊரில் உள்ளவரின் பெயர் அடைமொழியோடு அப்படியே பெயராகிறது. தமீம் என்னும் பெயரைத் தமிழகத்தில் பரப்பியது அகராதிப் பொருளோ குலப்பெருமையோ எனின் 'அன்சாரி' உடன்வர வேண்டிய தேவையில்லை. அது உடன்வருவதே கோவளத்தின் சான்று.

கடந்த சில பத்தாண்டுகளில் தர்கா வழிபாட்டை மறுக்கும் சீர்திருத்த இயக்கங்கள் தமிழக முசுலிம்களிடையே வலுப்பெற்றன. இறைநேசர் பெயர்கள் சில இதனால் ஐயத்திற்குள்ளாயின. தமீமுக்கு அந்நிலை நேரவில்லை. தர்காவுக்குச் செல்வோர்க்கு அது கோவளத்தில் உறைபவரின் பெயர். செல்லாதோர்க்கு முசுலிம் தொகுப்பில் இடம்பெற்ற நபித்தோழரின் பெயர். ஒரே வீட்டில் பாட்டி ஒரு காரணத்திற்காகவும் தந்தை வேறொரு காரணத்திற்காகவும் இசையக்கூடிய பெயர் இது. பின்னவர் 'அன்சாரி'யை விடுத்துத் தமீம் என்று மட்டும் இட விரும்பினால் அதற்கும் காரணம் உண்டு. நூல்வழித் தமீம் தாரியே அன்றி அன்சாரி அல்லர்.

இச்சுருக்கத்தை அண்மையில் எதிர்த்து நிற்பது கடவுச்சீட்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களுள் இயற்பெயரும் தந்தைப்பெயரும் கொண்ட தமிழ் முறை இயல்பாகப் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா, வருகை நுழைவிசைவில் தம் நாட்டுக்குள் வர இயலாதென ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. வளைகுடாவை நம்பிய குடும்பங்களில் தமீம் அன்சாரி என்னும் ஒரே பெயரை இரு கட்டங்களில் பிரித்து எழுதுவது எளிய வழியாகிறது. அவ்வாறு எழுதியவுடன் 'அன்சாரி' குடும்பப்பெயராகிவிடுகிறது. அலுவலகத்தில் அவர் திரு. அன்சாரி என்றே அழைக்கப்படுவார். அவருடைய பிள்ளைகளின் ஆவணங்களிலும் அது தொடர வாய்ப்புண்டு. கோவளத்தில் அடைமொழித் தன்மையை இழந்த சொல், அரபு மண்ணின் குடியேற்றச் சாளரத்தில் மீண்டும் குலப்பெயராக வாசிக்கப்படுகிறது. வீட்டில் மட்டும் அவர் தமீமு.